கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் எண்ணெய் போத்தலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் இருந்து சாங்கிக்குத் தினமும் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். உணவு விநியோகம் செய்யும் தம்பிகளும், விடியற்காலையில் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, மரினா கோஸ்டல் விரைவுச்சாலைச் சுரங்கத்தில் இருந்து மேலே ஏறும்போது ஐந்தாவது கியரில் முறுக்கினேன். எஞ்சின் அலறியது, ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) முள் சரசரவென்று ஏறியது, ஆனால் வேகம் 70ஐ விட்டு நகரவில்லை. பின்னால் லாரி. சுரங்கச் சுவரில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்ததால்தான் எனக்கே உறைத்தது. இல்லையென்றால் வண்டிக்கு வயதாகிவிட்டது, இழுவை குறைந்துவிட்டது என்று இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். செயின் தாவினால் கடக் என்று இடிக்கும். கிளட்ச், அதாவது பிளேட்டுகளின் உராய்வால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகம், வழுக்கினால் இடியே இருக்காது, ஆர்பிஎம் மட்டும் வழுவழுவென்று ஏறும், அதுவும் பெரிய கியரில், ஏற்றத்தில்தான் முதலில் தெரியும்.

வழக்கமாகப் போகும் பட்டறையில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பிளேட் செட் மாற்ற வேண்டும், 280 வெள்ளி என்றார்கள். மனசு ஒப்பவில்லை. வேறு இடத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் முதலில் கிளட்ச் லீவரை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். அசைவே இல்லை, பிடித்தவுடன் கேபிள் இழுத்தது. நம்மூரில் ஓடும் சின்ன ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் லீவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும் (சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்). அது இல்லையென்றால், நாம் கையே வைக்காவிட்டாலும் கிளட்ச் பாதி பிடித்தபடிதான் ஓடுகிறது. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டமும் குறையும், அதனால் அவ்வப்போது பார்த்துத் தளர்த்திவிட வேண்டும். காசு செலவில்லாத வேலை.

அப்புறம் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று கேட்டார். போன சர்வீஸில் மிச்சம் என்று பட்டறையில் கொடுத்த அரைப் போத்தல் என் பையிலேயே கிடந்தது. எடுத்துக் காட்டினேன். கார் எண்ணெய்! பின்பக்க முத்திரையில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை) என்று அச்சடித்திருந்தது. காரின் கிளட்ச் எண்ணெயில் முங்கியிருப்பதில்லை. நம் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான். உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து, உராய்வை நம்பியே வேலை செய்யும் பிளேட்டை வழுக்க வைக்கிறது. கிளட்ச் உள்ள வண்டிக்குப் போத்தலில் ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றால் அது ஸ்கூட்டருக்கு.

கேபிளைத் தளர்த்தி எண்ணெயையும் மாற்றினோம். கொஞ்சம் தேவலை, ஆனால் ஏற்றத்தில் இன்னும் வழுக்கியது. திறந்தபோது இரும்பு பிளேட்டுகளில் சூடு ஏறி நீலம் பாய்ந்திருந்தது, ஸ்பிரிங்கின் நீளமும் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஆகவே பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்றத்தான் வேண்டியிருந்தது, அதை மறைக்கவில்லை. புது உராய்வு பிளேட்டுகளை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாட்டினார். ஆனால் அந்த முதல் பட்டறையில் 280 வெள்ளி கொடுத்துவிட்டு, அதே கார் எண்ணெயும் இறுகிய கேபிளுமாக வந்திருந்தால், புது பிளேட்டும் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

2022இல் மோட்டார்சைக்கிள் சிஓஇ (புது வண்டி வாங்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) கட்டணம் 10,000 வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர். பட்டறைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ரசீதில் 'எஞ்சின் ஆயில்' என்று மட்டும் போடாமல், எந்த எண்ணெய், எந்தத் தரம் என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால், ஓட்டுநர்களே, ஊற்றும் முன் போத்தலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
புக்கிட் மேரா வாசகர்