கோல் அடிப்பவருக்குத் தனிச் சட்டம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹாக்கி கிளப்கள் எழுவதும் சரிவதும் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் அலசிய கட்டுரையாளர், கிளப்பை நடத்தும் தலைவர், செயலாளர் பக்கம் போகவே இல்லை. 12 வருடம் கிளப் அணிக்குக் கோல்கீப்பராக நின்றவன் நான். எனக்குத் தெரிந்து எல்லாம் தொடங்குவதே அங்கேதான்.

எங்கள் அணியில் டிராக் ஃபிளிக்கில், அதாவது பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்குள் வீசுவதில், கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். நடுவரோடு மல்லுக்கு நின்று அடிக்கடி பச்சை அட்டை வாங்குவார். பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பார்ப்பவர்களுக்கு 2 நிமிடம்தானே என்று தோன்றும். ஒரு ஆட்டத்தில் அதற்குள்ளேயே வலது பக்கம் திறந்து கிடந்து கோல் வாங்கினோம், தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் செயலாளர் வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கோல் அடிக்கிற ஆளை எப்படிக் கண்டிப்பது? அடுத்த சீசனில் 16 வயதுப் பையன்கூட நடுவரை முறைத்தான்.

பிறகு நிர்வாகம் மாறியது. புதிய தலைவர் ஒரே ஒரு விதிதான் கொண்டுவந்தார்: வாக்குவாதம் செய்து அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. முதலில் மாட்டியவர் அதே ஃபிளிக்கர், அதுவும் அரையிறுதிக்கு முன்னால். அவரை உட்கார வைத்தார்கள், தோற்றோம். உடை மாற்றும் அறைக்கு வந்த தலைவர் பயிற்சியாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்தத் தோல்வி என் கணக்கில் இருக்கட்டும். யாரும் இவரைக் கேள்வி கேட்க வேண்டாம்" என்றார். நான் அப்போது காலில் கட்டிய பேடைக்கூட அவிழ்க்கவில்லை. இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பயிற்சியாளர் யாருக்கும் பயந்து அணியை எடுக்கவில்லை. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுபவர், அதை நிறுத்திக் கொடுப்பவர் என்று யார் கண்ணிலும் படாதவர்களின் பெயர்களையும் கூட்டத்தில் சொல்லிப் பாராட்டினார்கள். வாய்க்கு வாய் பேசும் பையன்களை அடக்கியது கடைசியில் அந்த ஃபிளிக்கரேதான்!

பெரிய அணிகளிலும் இதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த ரிக் சார்ல்ஸ்வொர்த், ஒரே கேப்டன் என்ற வழக்கத்தை விட்டுத் தலைமைப் பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்து கொடுத்தார். 1994, 1998 உலகக் கோப்பைகளும் 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களும் அவர் காலத்தில் வந்தவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் காலிறுதியில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியபோது ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது. 10 பேரோடு இந்தியா பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் கட்டிவைத்த அணியால் அது முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கிளப் நிர்வாகத் தேர்தலை ஓரத்தில் இரண்டு வரிச் செய்தியாகப் போடாதீர்கள். யார் வருகிறார்கள், அணித் தேர்வில் அவர்கள் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கோல்கீப்பர் ஒருவர்