நம் கால்வாய்ப் படகுக்குக் கைகொடுங்கள்: பராமரிப்பு, பெயின்டிங் நிதி வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

லண்டனில், கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையில், ஆல்பர்ட்டனில் நிற்கும் நம் பொதுப் படகை இந்தக் கோடையில் கரையேற்றியே ஆக வேண்டும். 1801-இல் திறக்கப்பட்ட இந்தக் கிளையில் பாடிங்டன் முதல் புல்ஸ் பிரிட்ஜ் வரை படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி (லாக்) ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் முதியவர்களும் சிறுபிள்ளைகளும் சிரமமில்லாமல் போய்வருகிறார்கள். இந்தப் பயணங்கள் தொடர 4,000 பவுண்டு தேவை.

படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ., மேலறைத் தகடு 4 மி.மீ. கனம். எங்கள் கவலையெல்லாம் பக்கத்தகட்டில் நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அகலத்தைப் பற்றித்தான். அங்கே காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும். கரைச்சுவரில் உரசித் தார்ப்பூச்சும் அங்கேதான் முதலில் போகும். பூச்சு போன இடத்தில் துரு சீராகத் தின்னாது, துவரம்பருப்பு அளவில் குழி குழியாக இறங்கும். தகடு 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகத் தயங்கும். பிறகு மேல்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிவரும். அதற்கு இந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது.

தண்ணீரை வடித்துவிட்டுப் படகின் அடியில் வேலை செய்யும் உலர்துறையின் வாடகைக்கும், அழுத்தநீரால் பாசியையும் தளர்ந்த பூச்சையும் கழுவுவதற்கும் 650 பவுண்டு. அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து அறிக்கை தர 500. பிறகு பிட்டுமன் தார் மூன்று கோட், நீர்மட்டத்தில் மட்டும் நாலாவது கோட்: 25 லிட்டர், 240 பவுண்டு. முதல் கோட்டை வெல்டிங் மடிப்புகளுக்குள் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும், ரோலர் அங்கே எட்டாது. கடைசிக் கோட் அடித்து இரண்டு, மூன்று நாளாவது காயாமல் தண்ணீரில் இறக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

தாருக்குப் பதிலாக எபாக்சி என்ற கெட்டியான பிசின் பூச்சை அடித்தால் கூடுதல் காலம் உழைக்குமே என்று சிலர் கேட்டார்கள். உண்மைதான். ஆனால் பழைய தாரின் மேல் எபாக்சி பிடிக்காது, பாளம் பாளமாக உரிந்துவிடும். மணல்வீச்சில் வெறும் இரும்பு வரை சுரண்டிய பிறகே அடிக்க முடியும். அது நம் கைக்கு எட்டாத செலவு. தாரை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் அடித்தால் போதும் என்பதே குழுவின் முடிவு.

இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தகட்டைக் காக்கும் மெக்னீசிய ஆனோடுகள் ஆறு, வெல்டிங் கூலியோடு 450. நன்னீரில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது. ஓர் ஆனோடு தன்னைச் சுற்றிச் சில மீட்டர் மட்டுமே காக்கும் என்பதால் முன்னும் பின்னும் போக நடுவிலும் இரண்டு வைக்கிறோம். தார் அடிக்க வரும் தொண்டர்கள் தயவுசெய்து ஆனோடுகளின் மேல் பிரஷ்ஷை வைக்காதீர்கள். பூச்சு ஏறிய ஆனோடு இருந்தும் இல்லாததுதான்.

மேலறைக்கு வருவோம். ஜன்னல் மூலைகளிலும் கூரைக் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்திலும் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினால் செம்மண் நிறத்தில் நீர் கசிகிறது, அடியில் துரு செதில் செதிலாக வருகிறது. ஜன்னல்களைக் கழற்றி, இடுக்கை அடைத்திருக்கும் பழைய மாஸ்டிக் பசையைச் சுரண்டி, புதிதாக அடைத்த பிறகே பெயின்டைத் தொடுவோம். துருவை இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, பிரைமர் இரண்டு கோட், பட்டி பார்த்து, அண்டர்கோட் இரண்டு, இனாமல் இரண்டு. கூரைக்கு வெளிர் நிறம்தான். கருநிறம் வெயிலில் கொதித்துப் பெயின்டை வெடிக்க வைக்கும். நடக்கும் ஓரத்தில் வழுக்காமலிருக்க ஈரப் பெயின்டின் மேல் உலர்மணல் தூவி இன்னொரு கோட். பெயின்ட், உப்புத்தாள், மாஸ்டிக் எல்லாம் சேர்த்து 900.

கூரையுள்ள கொட்டகைக்கு மூன்று வார வாடகை 1,050. திறந்தவெளியில் அடித்தால் சாயங்காலப் பனி இறங்கி இனாமலின் பளபளப்பு வெளுத்துவிடும், பூச்சிகளும் வந்து ஒட்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று குழு உறுதியாக நினைக்கிறது. மீதி 210 எதிர்பாராத வெல்டிங்குக்கு.

கதவுகளில் உள்ள ரோஜா, கோட்டை ஓவியங்களை உப்புத்தாள் படுவதற்கு முன்பே டிரேசிங் தாளில் படியெடுத்து, அதே நிறங்களில் திரும்ப வரைவோம்.

தேய்ப்பதும் பூசுவதும் முழுக்கத் தொண்டர்களே, அதற்குக் கூலி கிடையாது. சனி, ஞாயிறுகளில் தேய்க்க வருவோருக்கு முகக்கவசம் தருவோம். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் நனைத்தே தேய்க்க வேண்டும். பணமாகத் தருவோர் பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுவோர் கிஃப்ட் எய்டு படிவத்தையும் நிரப்பினால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக வரும். 40 பவுண்டு தந்தால் நான்கு லிட்டர் தார் வாங்கலாம், 75 தந்தால் ஓர் ஆனோடு பொருத்தலாம். உலர்துறைக்கு ஏப்ரல் முடிவதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள் உங்களால் இயன்றதை அனுப்பி உதவுங்கள்.

இப்படிக்கு,
படகுப் பராமரிப்புக் குழுவினர்