பேண்ட் குடும்பத்துக்கும், எங்கள் கோயில் நாதஸ்வர ஐயாவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி பேண்டின் இசை நிகழ்ச்சி முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, கடைசியில் விழுந்த அந்தச் சிம்பல் அடி இன்னும் காதை விட்டுப் போகவில்லை, அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப்போட்டால் அழகாக எழுதப் பார்ப்பேன், அப்புறம் எழுதவே மாட்டேன்.

பேண்டின் கருவி அறையில் தண்ணீர் புகுந்த கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. நீங்களும் அங்கே கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றவர்கள்தானே. தங்கள் டிம்பனி முரசையும், பஸ்ஸூன் என்கிற நெட்டை ஊதுகருவி இரண்டையும் மறுபேச்சில்லாமல் கொடுத்தனுப்பிய பக்கத்துப் பள்ளி, சொந்தக் கிளாரினெட்டுகளைத் தூசி தட்டி எடுத்துவந்த முன்னாள் மாணவர்கள், டியூபாப் பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு ஒரு கோப்பி மட்டும் குடித்துப் போன லாரி அங்கிள், நனைந்த இசைத்தாள்களை விசிறிக்கு அடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்த அம்மாக்கள், ஒரு நாள்கூடப் பிள்ளைகள் முன்னால் முகம் சுளிக்காத பேண்ட் சார், எல்லாருக்கும் நன்றி. உங்களுக்குத் தனித்தனியாகச் சொல்லாததைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஏனென்றால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகன் வாசிப்பது பஸ்ஸூன். உயர்நிலை ஒன்றில் அவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது படுக்கைக் கட்டில் கால் மாதிரி இருக்கிறதே என்று என் மாமியார் சிரித்தார். இந்த வருடம் சார் தேர்ந்தெடுத்தது ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஸ்லாவ் மார்ச் என்கிற அணிவகுப்பு இசை. மூலத்தில் அதன் தொடக்க மெட்டைப் பஸ்ஸூனும், வயலின் மாதிரித் தந்தி வாத்தியமான வயோலாவும் சேர்ந்து எடுக்கின்றன. பேண்டில் வயோலா ஏது? அதனால் பஸ்ஸூன் பிள்ளைகள் இரண்டு பேர் தலையில் பாரம் கூடிவிட்டது. இறுதி ஊர்வல நடையில், ஒரு செர்பிய நாட்டுப்புறப் பாட்டை அடித் தொண்டையில் இழுப்பது போலத் தொடங்கும். நாலு மாதம் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அதுதான் ஓடியது. "சாவு வீட்டு மெட்டை விளக்கு வைக்கிற நேரத்தில் வாசிக்காதே" என்று மாமியார் தினமும் சொல்வார். "முடிவில் சந்தோஷமாகிவிடும் பாட்டி" என்பான் அவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியம் இரவல் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் வாயில் வைக்கும் ரீட், விரல் நீளம்கூட இல்லாத ஒரு நாணல் துண்டு, அவனிடம் இரண்டுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றின் நுனி சட்டைப் பொத்தானில் பட்டு உடைந்தது. இன்னொன்றில் அடிக்கட்டு நூல் தளர்ந்து காற்று கசிந்தது. பஸ்ஸூன் பயிற்சியாளர் வெளிநாட்டில். கேட்ட கடைகளில் இருப்பு இல்லை. அவன் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேறு வழி தெரியாமல் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பூஜை முடிந்து நாதஸ்வரக்காரர் மண்டபத் தூணில் சாய்ந்து ஒரு சீவாளிக்கு, அதாவது நாதஸ்வரத்தின் வாயில் வைக்கும் நாணல் துண்டுக்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் வந்திருப்பவர், தஞ்சாவூர்ப் பக்கம். நான் வலம் வந்து திரும்பினால் என் மகன் அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கையில் அந்த ரீட் டப்பா.

ஐயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் ரெட்டை நாக்குதானே தம்பி" என்றார். அடி ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து ஊதினார், பக்கவாட்டில் உஸ்ஸென்று காற்று வந்தது. தளர்ந்த நூலைப் பிரித்தார். தன் பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, மெழுகு தேய்த்து, பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார். இருபது நிமிடம் இருக்கும். அவசரமே இல்லை. நுனி கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, சீவித் தர முடியுமா என்று இவன் கேட்டான். "சீவ மாட்டேன் தம்பி. உன் வாத்தியம் எனக்குத் தெரியாது. கட்டு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

எச்சிலில் நனைத்து இவன் ஊதிப் பார்த்தான், ரீட் காக்கை மாதிரி கரைந்தது. நல்ல ரீட் அப்படித்தான் கரையுமாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் இருபது வெள்ளியை நீட்டினேன். அவர் கையை மடியை விட்டு எடுக்கவே இல்லை. "நூலுக்கா காசு?" என்றார்.

அன்று சாயந்திரம் விளக்கு அணைந்தது, டிம்பனி மெதுவாக நடை போட்டது, அந்த மெட்டு வந்தது. நாலு மாதம் சமையலறையில் கேட்ட அதே மெட்டுதான், ஆனால் எனக்குக் கை நடுங்கியது. பத்து நிமிடப் பாடலில் முதல் ஒரு நிமிடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. பாடலுக்குள் ரஷ்ய அரச கீதம் வந்தபோது பக்கத்திலிருந்த அம்மா என் தோளைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. மாமியார் முடிவில் எழுந்தே நின்றுவிட்டார்.

இந்த மார்ச்சே ஒரு உதவிக் கச்சேரிக்காகப் பிறந்தது என்று சார் மேடையில் சொன்னாரே, 1876இல் துருக்கியோடு நடந்த போரில் காயம்பட்ட செர்பிய வீரர்களுக்காக மாஸ்கோவில் செஞ்சிலுவைக்குப் பணம் திரட்டிய கச்சேரி, நிகொலாய் ரூபின்ஸ்டைன் நடத்தியது, கூட்டம் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கத்தியது என்று. அதைக் கேட்டபோது எனக்கு மாஸ்கோ ஞாபகம் வரவில்லை. மண்டபத் தூண்தான் ஞாபகம் வந்தது.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். எத்தனை கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிக்கும்போது அதன் மேலேயே சத்தமாகப் பேசியிருக்கிறேன்! கெட்டிமேளம் என்றால் மட்டும் தலை நிமிர்வது, மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டுப் பந்தி எப்போது என்கிற பேச்சு. இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். குறைந்தபட்சம் ஆலாபனை முடியும் வரை.

சாயரட்சை பூஜை இருந்ததால் அவர் நிகழ்ச்சிக்கு வர முடியவில்லை. ஒலிப்பதிவை அனுப்பினேன். நேற்று ராத்திரி குரல் செய்தி வந்தது: "கேட்டேம்மா. கட்டு நல்லா நிக்குது. தம்பிகிட்ட சொல்லுங்க, ரெண்டாவது தடவை எடுக்கும்போது மூச்சு கொஞ்சம் அவசரப்படுது." இவன் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டு, ரீட்டைத் தண்ணீரில் நனைக்கப் போனான். மணி பதினொன்று. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.