முன்னாள் மாணவர் சங்கம்: 2019ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொங்கலை ஒட்டி ஊர் திரும்பியுள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டத்துக்கு ஏழு முறை அழைப்பு அனுப்பப்பட்டது. நான்கு முறை கூட்டம் நடந்தது. குடியரசு நாளும் சுதந்திர நாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பரிசு வழங்கப்பட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் நம் பள்ளியின் வடக்கு வகுப்பறைகள் கூரையிழந்ததை அனைவரும் அறிவீர்கள். மாமரம் சாய்ந்துதான் கூரை போயிற்று என்று வெளியூர் உறுப்பினர்கள் சிலர் இன்னமும் கூறிவருகின்றனர். மரம் சாய்ந்தது சத்துணவுக் கூடத்தின் மீது. வகுப்பறைக் கூரையைக் கொண்டுபோனது காற்று. அதற்கு வழிவிட்டவை துருவேறிய கொக்கி போல்ட்டுகள். அவற்றுள் ஒன்றை மேசைமீது வைத்துள்ளேன். பென்சில் கனம் இருந்த போல்ட், உப்பங்காற்றில் அரித்து, நடுவில் ஊசியாய் இளைத்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

புயற்காற்று கூரையை அழுத்துவதைக் காட்டிலும் மேல்நோக்கி இழுப்பதே அதிகம் என்பதாலும், அந்த இழுப்பு விளிம்புகளிலும் மூலைகளிலும் கடுமையாக இருக்கும் என்பதாலும், பழைய இருசரிவுக் கூரைக்குப் பதிலாக நாற்சரிவுக் கூரை அமைத்து, சுவர்களின் தலையில் கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதில் பதித்த இரும்புப் பட்டைகளோடு சட்டங்களை இணைத்து, விளிம்போரம் திருகுகளை நெருக்கி அடிக்கச் செய்தேன். இதற்கான கூடுதல் செலவைக் குறித்துப் பொருளாளர் எழுப்பிய கேள்வி முறையானதே. எனினும் என்னைப் ‘போல்ட்டுச் செயலாளர்’ என்று டீக்கடையில் அழைத்துவரும் உறுப்பினர்கள், வேலை நடந்த நாட்களில் ஒருமுறையேனும் சாரத்தின் அருகே வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

பணி தாமதமானதற்கு ஒப்பந்ததாரர் மட்டும் காரணமல்ல. ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தலுக்காகவும் டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலுக்காகவும் பள்ளியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் நமது விண்ணப்பம் இரண்டு முறை காணாமற்போய், மூன்றாம் முறை நான் நேரில் கொண்டுசென்றபோது முதலாவது கிடைத்தது.

புயலன்று இரவு பள்ளியின் சாவி வெளியூரில் இருந்தவரிடம் இருந்ததால், குழந்தைகளோடு வந்தவர்கள் தாழ்வாரத்தில் நனைந்தபடி நின்றனர். இப்போது சாவி மூன்று வீடுகளில் உள்ளது. தனித்து வாழும் முதியோரின் பட்டியலும், அவர்களை அழைத்துவர வேண்டியவர்களின் பெயர்களும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. மின்சாரம் வாரக்கணக்கில் இல்லாதபோது மோட்டார்கள் பயன்படவில்லை என்பதால், கைவிடப்பட்டிருந்த அடிபம்பு பழுது நீக்கப்பட்டது. அதன் கைப்பிடியை யாரோ கழற்றிச் சென்று பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்துள்ளனர், அவருக்கும் நன்றி.

வரவு செலவைப் பொறுத்தவரை, நன்கொடையாக வந்தது கூரையோடு முடிந்தது. ஒரு சிறு தொகை கடனாக நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தோப்பை இழந்தவர்களிடம் சந்தா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். தோப்பே இல்லாதவர்களும், சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் நல்ல நிலையில் இருப்பவர்களும் அதே சலுகையைத் தாமாக எடுத்துக்கொண்டதுதான் விளங்கவில்லை. பாக்கிப் பட்டியலை இக்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வாசலருகே மேசையில் உள்ளது.

தலைமையாசிரியர், ஆசிரியர்கள், கூலி குறைத்துக்கொண்ட கொத்தனார்கள், செயற்குழுவில் வந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சத்துணவுக் கூடத்தின் கூரையும் இதே முறையில் அமைய வேண்டும். புதிய கூரையின் போல்ட்டுகளை ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் முறுக்கிப் பார்ப்பதும் அவசியம். அதற்கு ஏணி ஏறக்கூடிய நான்கு பேர் தேவை. எனக்கு முழங்கால் வலி இருப்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால், பதிவேடுகளையும் ஸ்பேனர் பெட்டியையும் அன்றே ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்