கண்ணு, அந்த 92 சதவீதத்தைப் பற்றி

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போது எனக்கு வாய் வரவில்லை. "நாங்க வாங்கி விக்கிறது நிஜமாவே இருக்கிற பொருள்தானாப்பா?" என்று கேட்டுவிட்டு நீ பேசாமல் இருந்தாய், பின்னால் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது, அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாளாக அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினால்தான் சரியாகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் (எந்த நாடு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை) கிராமத்து வீடுகளுக்குப் புகை குறைந்த விறகு அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். அதனால் மிச்சமாகிற விறகை வைத்து எத்தனை டன் கரியமில வாயு குறைகிறது என்று கணக்குப் போட்டு, டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட் என்று உங்கள் கம்பெனி வாங்கி விற்கப்போகிறது. 92 சதவீதம் வீடுகளில் தினமும் புது அடுப்பில்தான் சமைக்கிறார்கள் என்று ரிப்போர்ட் சொல்கிறது. சந்தேகம் வந்து நீ 40 வீடுகளுக்குப் போன் போடச் சொன்னதில் பாதிப் பேர்கூட அப்படிச் சொல்லவில்லை. அதை எழுதினால் விலை படியாது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு என்கிறார் உன் மேனேஜர்.

கண்ணு, இதே இடத்தில் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். நீ அப்போது நாலாம் வகுப்பு. உங்கம்மாவைத் தவிர யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

மில்லில் நான் அக்கவுண்ட்ஸ் பார்த்தது உனக்குத் தெரியும், கார்பன் ஃபைலும் என் மேஜையில்தான் இருந்தது என்பது தெரியாது. பணக்கார நாடுகள் புகையைக் குறைக்க ஒத்துக்கொண்ட கியோட்டோ ஒப்பந்தம் 2005இல் அமலுக்கு வந்ததும், நம் மாதிரி நாடுகளில் புகை குறைக்கிற திட்டம் போட்டால் அந்த டன்களை ஐரோப்பாக்காரர்கள் விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று செய்தி பரவியது. சி.டி.எம். என்பார்கள். நம் ஸ்பின்னிங் மில்கள் பலவும் தங்கள் காற்றாலைகளை ஒன்றாகச் சேர்த்து அதில் பதிவுசெய்தன. எங்கள் மில்லுக்கு உடுமலைக்குத் தெற்கே ஆறு காத்தாடி. அவற்றை 2006லேயே போட்டுவிட்டோம், போட்டதற்குக் காரணமும் ரொம்பத் தெளிவு. முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம், வரி மிச்சம். அதோடு மில்லுக்குச் சொந்தக் கரண்ட். கார்பன் என்ற பேச்சே எங்கள் மில்லில் அன்றைக்கு யார் வாயிலும் இல்லை.

2007இல் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது சார், ஒரு பேப்பர் மட்டும் வேண்டும் என்றார். கார்பன் பணம் வரும் என்று எண்ணித்தான் இந்த முதலீட்டில் இறங்கினோம், அது வராவிட்டால் இறங்கியிருக்க மாட்டோம் என்று, மெஷின் ஆர்டர் கொடுப்பதற்கு முந்தைய தேதியில் போர்டு தீர்மானம். அப்படி ஒன்று இல்லை. "இல்லேன்னா தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் நானேதான் அடித்தேன், ஒரே பத்தி. இடையில் மில்லின் போன் நம்பர் மாறியிருந்தது, அதனால் பழைய நம்பர் அச்சடித்த லெட்டர்ஹெட்டை ஸ்டோர் ரூம் மூட்டையில் தேடி எடுத்து அதில் பிரிண்ட் போட்டேன். அந்தத் தாளின் ஓரம் மஞ்சளாகியிருந்தது, அதைப் பார்த்து அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் சோதிக்க வந்தவர், உன் வயதுப் பையன், ஈ.பி. மீட்டர் ரீடிங்கை மட்டும் மூன்று மணி நேரம் பார்த்தார். மாதாமாதம் எத்தனை யூனிட், எந்த சர்வீஸ் நம்பர், பில்லோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அதில் ஒரு யூனிட் பிசகு கிடையாது. என் தாளை அரை நிமிஷம் பார்த்தார், புரட்டிவிட்டார். அந்த வருஷ தீபாவளி போனஸில்தான் உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள்.

காத்தாடி சுற்றியது நிஜம், கரண்ட் வந்தது நிஜம், மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் வராவிட்டாலும் அவை சுற்றியிருக்கும். அங்கே ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஆலை எங்கள் டன்னைக் கணக்கில் காட்டிவிட்டு அத்தனை டன் புகையைக் கூடுதலாக விட்டிருக்கும். என் ஒரு பத்தியால் காற்றில் புகை கூடியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பல வருஷம் கழித்து, இந்தியக் காற்றாலைகளின் சி.டி.எம். கணக்கை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், குறைந்தது 52 சதவீதம் கிரெடிட் எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போயிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நீதான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினாய், "நம்ம ஊர் பத்திப்பா" என்று. அதற்கு நான் பதில் போடாதது ஞாபகம் இருக்கிறதா?

2008இல் ஒரு டன் 20 யூரோவுக்கு மேல் போனது. 2012 முடிகிறபோது 1 யூரோகூட இல்லை. பொருளாதார மந்தம் வந்தது, கிரெடிட் மலைபோலக் குவிந்தது, 2013இலிருந்து புதுத் திட்டம் என்றால் மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து மட்டும்தான் வாங்குவோம் என்று ஐரோப்பா சொல்லிவிட்டது. குளிர்பதன வாயு தயாரிக்கிற ஆலைகள், கழிவாக வருகிற ஹெச்.எஃப்.சி.-23ஐ எரித்துக் கிடைக்கிற கிரெடிட்டில் சரக்கை விற்பதைவிட அதிகம் சம்பாதித்த கதையும் அப்போதுதான் நாறியது. விலை விழ ஆயிரம் காரணம் சொல்லலாம். நம்பிக்கை விழுந்ததற்கு என்னைப் போல ஒவ்வொரு ஆபீசிலும் உட்கார்ந்து ஒரு தாள் அடித்தவர்கள்தான் காரணம்.

சரி, உன் அடுப்புக்கு வருகிறேன். நீ பேசின மறுநாள் நம் வீட்டிலேயே விறகை எடை போட்டுப் பார்த்தேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நமக்கு கேஸ் உண்டு. ஒருத்தர் கணக்கெடுக்க வந்து "கேஸ்லதான் சமைக்கறீங்களா" என்று கேட்டால் அம்மா யோசிக்காமல் ஆமாம் என்பாள், அது பொய்யும் இல்லை. ஆனால் பின்கட்டில் விறகடுப்பு தினமும் எரிகிறது. குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி, ஞாயிறானால் நாட்டுக்கோழிக் குழம்பு. தேங்காய் நிறுக்கிற தூக்குத் தராசில் மட்டையும் பாளையும் கட்டி நிறுத்தேன். திங்கள்கிழமை 6 கிலோ. செவ்வாய்க்கிழமை நாலரை. இன்றைக்கு நாலுதான் ஆயிற்று. என்ன குறைகிறதே என்று கேட்டால், "நீங்க தராசத் தூக்கிட்டு நின்னா எப்படிங்க வழக்கம்போல எரிக்கறது?" என்கிறாள். பார்க்க ஆள் நின்றால் அடுப்பே வேறு மாதிரி எரிகிறது கண்ணு. அங்கே அந்த நாட்டில் நோட்டும் தராசுமாக ஒரு ஆள் வாசலில் நின்றால் அந்தப் பெண்கள் எந்த அடுப்பைப் பற்றவைப்பார்கள்? அடுப்பு கொடுத்தவர்களின் ஆள் என்று தெரிந்தால் இன்னும் மரியாதைக்காகவே புது அடுப்பைத்தான் காட்டுவார்கள்.

இன்னொன்று. நாம் எரிக்கிறதெல்லாம் நம் தோப்பில் தானாக விழுகிற மட்டை. அதை மிச்சம் பிடித்தால் எந்தக் காடும் பிழைக்கப்போவதில்லை. எரிகிற விறகில் எவ்வளவு பங்கு மறுபடி முளைக்காத காட்டிலிருந்து வருகிறது என்பதைத்தானே நீங்கள் ஒரு சதவீதமாக வைத்துப் பெருக்குகிறீர்கள்? அந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் டன் பொங்கிவிடும். 2024 ஜனவரியில் வந்த அந்த அமெரிக்க பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வில், அவர்கள் எடுத்துப் பார்த்த அடுப்புத் திட்டங்களில் இருக்கவேண்டியதைப்போல் சராசரியாக 9 மடங்குக்கு மேல் கிரெடிட் கொடுத்திருந்தது என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு பெரிய பொய் தேவையில்லை, மூன்று நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் போதும், பெருக்கல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்வதால் உன் வேலையே வீண் என்று அப்பா நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் அப்பத்தா விறகுப் புகையிலேயே 50 வருஷம் சமைத்து, கடைசி நாலு வருஷம் மூச்சு வாங்க உட்கார்ந்தே தூங்கியதை நீயும் பார்த்தாய். அந்த அடுப்பு அந்த வீடுகளுக்குப் போகத்தான் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பாகுவில் 2024இல் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஏழை நாடுகள் வருஷத்துக்கு 1.3 டிரில்லியன் டாலர் கேட்டன, 2035க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் என்று முடித்துச் சுத்தியலைத் தட்டிவிட்டார்கள். நம் நாட்டுப் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து, இது கண்ணுக்குத் தெரிகிற மாயத் தோற்றம் என்று அங்கேயே எதிர்த்தார். அவர்கள் நேராகக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காததால்தான் எல்லாப் பாரமும் உங்கள் சந்தை மேல் வந்து விழுகிறது, அந்தப் பாரம்தான் வெள்ளிக்கிழமை என்று உன் மேஜையில் வந்து நிற்கிறது. நீ குறைந்த எண்ணை எழுதினால் அந்தத் திட்டமே நின்றுபோய் அடுப்பு கிடைக்காமல் போகிற வீடுகளும் இருக்கலாம். அது எனக்கும் உறுத்துகிறது, அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் எங்கள் காலத்தில் 1 யூரோவுக்கு விழுந்தபோது நேர்மையாகச் செய்தவனும் சேர்ந்துதான் தெருவுக்கு வந்தான்.

அதனால் நீ கண்டதை அப்படியே எழுது. 40 போன் என்பதும் சின்ன எண்ணிக்கைதான், அதையும் மறைக்காமல் எழுது. எத்தனை பேரைக் கேட்டாய், எந்த மாதத்தில், மழைக்காலமா வெயில் காலமா, எந்த மொழியில், யார் கேட்டார்கள், எல்லாம். நேரில் போக அனுமதி கேள். போனால் முன்கூட்டிச் சொல்லாமல் போ, கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்னால் பின்கட்டைப் பார், பழைய மூன்று கல் அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார். கரி எந்தப் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி ரிப்போர்ட் அதிலேயே இருக்கும். நீ நம் சமையலறையில் வளர்ந்தவள், உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவர்கள் ஏற்காவிட்டால், உன் பெயர் இல்லாமல் போகட்டும். வேறு எண்ணின் கீழே மட்டும் கையெழுத்துப் போடாதே. வேலை போய்விடுமோ என்று பயந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன், போன மார்ச்சோடு வீட்டு லோன் முடிந்துவிட்டது. நீ அனுப்புகிற பணத்தை அம்மா ஒரு ரூபாய்கூடத் தொடாமல் உன் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறாள், பொங்கலுக்கு வரும்போது சொல்லலாம் என்று இருந்தோம். எங்களை நினைத்து நீ எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அன்றைக்கு எம்.டி. முன்னால் எனக்கு உன் ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வந்தது. உனக்கு அப்படி எதுவும் ஞாபகம் வரக்கூடாது.

அப்புறம் ஒரு வேலை. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து, தென்னைக்கு நடுவே மரம் நட்டால் கார்பன் காசு வரும் என்று ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 30 வருஷத்துக்கு ஒப்பந்தம், எல்லாம் இங்கிலீஷ். தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். 7ஆம் பத்தியில் செலவு போக மிச்சத்தில் பங்கு என்று இருக்கிறது, என்ன செலவு, யார் கணக்கு வைப்பது என்று தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. நடுவில் தோட்டத்தை விற்றால் என்ன ஆகும் என்றும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கையெழுத்து வாங்க மறுபடி வருகிறார்களாம், அதற்கு முன்னால் பார்த்துச் சொல் கண்ணு.

அப்பா