டெக்சாஸ் ஆளுநர் ராஜா இல்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறன்று வந்த டெக்சாஸ் கட்டுரையில் அங்கே ஆளுநர் வைத்ததுதான் சட்டம் என்பதுபோல எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 1836 முதல் 1845 வரை தனி நாடாக இருந்துவிட்டு அமெரிக்காவோடு சேர்ந்த இடம் அது, அந்த வீம்பு இன்னும் போகவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடவில்லை, 1874 ஜனவரியில் தலைமைச் செயலகத்தின் கீழ்த்தளத்தில் காவலோடு அவர், மாடியில் ஜெயித்த ரிச்சர்ட் கோக்கின் ஆட்கள் என்று கூத்து நடந்தது (நம்மூர் அரசியல் ஒன்றும் புதுசு இல்லை!). டேவிஸ் கையில் குவிந்திருந்த அதிகாரத்தில் வெறுத்துப்போனவர்கள்தான் 1876 அரசியல் சட்டத்தில் ஆளுநரின் கையைக் கட்டிப்போட்டார்கள். துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல் எல்லாம் மக்கள் தனித்தனியாக ஓட்டுப் போட்டு வருபவர்கள், அதிலும் மாநில மேலவையான செனட்டை நடத்தும் துணை ஆளுநர் பல விஷயங்களில் ஆளுநரையே மிஞ்சுவார். சரி, சட்டமன்றம்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள். உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர், படி தனி. ஆனால் சிறப்புக் கூட்டம் கூட்டுவதும் அதில் எதைப் பேசலாம் என்று முடிவு செய்வதும் ஆளுநர்தான், அதை நீங்கள் சொல்லியிருக்கலாம்.

ஒரு வாசகர், மதுரை