காசு தட்டுப்பாடு இல்லை, கவலைப்படாதே

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள மணி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இனி பேப்பரை அவரே படித்துவிட்டு உன்னைக் கேள்வி கேட்பார், தயாராக இரு. இங்கே சின்னவள் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவரும், கச்சேரி ரோடு பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் சத்தமும்தான்.

அப்புறம், நீ கேட்ட கேள்வி. "சாவி கொடுக்கிற எச்.எம்.டி.யாகத் தேடித் தேடிச் சேர்த்தவன், இப்போது ஸ்கூல் பையன் கட்டுகிற பிளாஸ்டிக் வாட்சைக் கட்டிக்கொண்டு திரிகிறாயாமே, காசு தட்டுப்பாடா?" யார் உன்னிடம் வத்தி வைத்தது என்று ஊகிக்க முடிகிறது. தட்டுப்பாடெல்லாம் இல்லை. நான் மட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாட்ச் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வீட்டில் லட்சங்களில் விலையுள்ள சுவிஸ் வாட்சுகள் பெட்டியில் தூங்குகின்றன, கையில் கேசியோ எஃப்-91டபிள்யூ என்கிற மலிவான பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச். அதைத்தான் எல்லோரும் கழற்றி வாங்கிப் பார்க்கிறார்கள்.

இந்த டிஜிட்டல் வாட்ச் ஒரு காலத்தில் பணக்காரர் சமாச்சாரமாக இருந்ததே, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1972-இல் அமெரிக்காவில் ஹாமில்டன் கம்பெனி விற்க ஆரம்பித்த பல்சர் என்ற முதல் டிஜிட்டல் வாட்ச், 18 காரட் தங்கம், விலை 2,100 டாலர். அன்று அங்கே ஒரு சின்னக் காரே அந்த விலைக்குக் கிடைத்தது. எல்.இ.டி. என்பதால் செல்லைக் குடித்துவிடும். ஆகவே பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பில் மணி தெரியும். வெயிலில் அதுவும் தெரியாது. நம் ஊருக்கு எந்த வகையிலும் பொருந்தாத வாட்ச்! அடுத்த வருஷமே சீக்கோ எப்போதும் மணி காட்டும் எல்.சி.டி. வாட்சைக் கொண்டுவந்தது. 1976-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 20 டாலருக்குப் பிளாஸ்டிக்கில் விற்றது. நாலே வருஷத்தில் நகைக்கடையிலிருந்து நடைபாதைக்கு வந்துவிட்ட ஆடம்பரம் வேறெது?

அந்த நடைபாதைதான் நமக்குத் தெரியுமே. பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மினுக்கிக்கொண்டிருக்கும். "பாட்டுப் பாடுற வாட்ச் சார்" என்று கூப்பிடுவார்கள். நாம் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். சிங்கப்பூரில் மாமா இருக்கிற பையன்களிடம்தான் அது இருந்தது. ஆக, பழைய ஆசை தீரவில்லை, இப்போது தீர்த்துக்கொள்கிறேன் என்று நீ முடிவு கட்டுவாய். பாதி உண்மை. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்குப் பர்மா பஜாரும் தெரியாது, சிங்கப்பூர் மாமாவும் கிடையாது. அவர்களும் இதைத்தான் தேடுகிறார்கள்.

என் கணக்கு வேறு. என் எச்.எம்.டி. ஜனதா நின்றுபோனால் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும். சக்கரம் தேய்ந்தால் இன்னொரு ஜனதாவிலிருந்து எடுத்துப் போடலாம். கம்பெனி மூடினாலும் அது சாகாது. டிஜிட்டலுக்கு அந்த வழியெல்லாம் இல்லை. உள்ளே இருக்கும் சிப் போனால் போனதுதான். திரையின் மேலும் கீழும் ஒளியை வடிகட்டும் பிலிம் ஒன்று ஒட்டியிருக்கும். சூட்டிலும் ஈரக்காற்றிலும் அது கெட்டுப்போய் நிறம் மாறும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமா? திரையை சர்க்யூட் போர்டோடு இணைக்கும் ரப்பர் துண்டில் அழுக்கு ஏறினால் 8 என்பது 6 ஆகத் தெரியும். பெரும்பாலும் யாரும் பழுது பார்க்கவும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். கோடிக்கணக்கில் செய்தார்கள், ஆனால் நாற்பது வருஷம் தாண்டி எல்லாக் கோடும் தெளிவாகத் தெரிகிற ஒரு கேசியோவைத் தேடிப் பார், கண் பூத்துப்போகும். மலிவாக இருந்ததாலேயே அரிதாகிவிட்டது. சேகரிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"உள்ளே ஒரு சக்கரம்கூடக் கிடையாது, அதில் என்ன ரசனை" என்றும் எழுதியிருக்கிறாய். நொடிக்கு 32,768 தடவை துடிக்கிற ஒரு துண்டு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அந்த எண்ணிக்கையைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு. சக்கரமே இல்லாமல் இவ்வளவு செய்தார்களே, அதுவே எனக்கு ரசனைதான்.

எஃப்-91டபிள்யூ பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா? 1989-இல் வந்தது, இன்றும் அதே முகத்தோடு விற்கிறது. எடை 21 கிராம், செல் ஏழு வருஷம் வரும் என்கிறார்கள். இடது பக்கம் விளக்குப் பொத்தானை அழுத்தினால் ஓரத்தில் மின்மினிப்பூச்சி மாதிரி ஒரு பச்சை வெளிச்சம், அவ்வளவுதான். பாதித் திரை இருட்டிலேயே இருக்கும். வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி விடாமல் அழுத்தினால் கம்பெனி பெயர் திரையில் வரும். வராவிட்டால் போலி. பின்மூடியில் சின்னக் கட்டத்துக்குள் 593 என்று இருக்கும், அது மாட்யூல், அதாவது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் நம்பர். ஸ்டீல் நிறத்தில் பளபளக்கும் கேசியோ ஏ158 இருக்கிறதே, அதைத் திருப்பிப் பார்த்தாலும் 593தான். ஆள் ஒன்று, சட்டை வேறு. இன்னொரு கூத்து, இதற்கு வருஷம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிப்ரவரி என்றால் எப்போதும் 28தான். 2024-இல் பிப்ரவரி 29 அன்று எங்கள் குழுவில் ஆளாளுக்கு மார்ச் 1 காட்டும் வாட்சைப் படமெடுத்துப் போட்டுச் சிரித்தோம்.

கேசியோவின் ஜி-ஷாக் வாட்சைச் சேர்க்கிற ஆட்கள் தனி ஜாதி. அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து உடைந்த வருத்தத்தில் கிகுவோ இபே என்ற கேசியோ எஞ்சினியர் உடையாத வாட்ச் செய்யக் கிளம்பினார். மூன்றாவது மாடி டாய்லெட் ஜன்னல் வழியாக வாட்சைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்து, 200 மாதிரிகளுக்கு மேல் செய்து, கடைசியில் 1983-இல் ஜி-ஷாக் வந்தது. இப்போது அதில் ரேடியோ அலை வாங்கித் தானே மணி சரிசெய்துகொள்ளும் ரகமும் உண்டு. அந்த அலையை அனுப்பும் நிலையங்கள் இருப்பது ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில். நமக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் பையன்கள் விடுவார்களா? போனில் ஒரு செயலியைப் போட்டு, அதை ஜப்பான் நிலையமாக நடிக்கவைத்து வாட்சை ஏமாற்றுகிறார்கள்.

எல்லாவற்றையும் நான் ஆதரிப்பதாக நினைக்காதே. அதே வாட்சுக்கு வேறு கலர் அடித்து, லிமிடெட் எடிஷன் என்று பல மடங்கு விலை வைக்கிறார்கள், அதற்கும் க்யூ நிற்கிறது. ஹாமில்டன்கூட 2020-இல் பல்சரைத் திரும்ப விட்டது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கிவிட்டு எங்கே இடிக்குமோ என்று கையை ஒடுக்கிக்கொண்டு நடப்பதற்குப் பழைய சுவிஸ் வாட்சே போதுமே. பிளாஸ்டிக் வாட்சில் எனக்குப் பிடித்ததே அந்தக் கவலை இல்லாததுதான். வியர்வையில் தோல் பட்டை நாறும் பயமில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரே தொல்லை, மணிக்கொரு தடவை அடிக்கும் அந்த பீப். போன டிசம்பரில் கச்சேரியில் ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது என் கையிலிருந்து இரண்டு பீப். முன்வரிசை மாமி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த வருஷம் அணைத்துவிட்டுத்தான் போவேன், நீயும் வா.

வரும்போது ஒரு காரியம் செய். உங்கள் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் வாட்ச் ஒன்று பரண் பெட்டியில் கிடக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. கத்தியை வைத்து நெம்பித் திறக்கவும் வேண்டாம். உள்ளே செல் கசிந்திருந்தால் செப்புத் தகடுகளை அரித்துக்கொண்டே போகும், அதனால் அங்கே நல்ல வாட்ச் கடையில் கொடுத்து செல்லை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவா. பின்மூடியில் என்ன நம்பர் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதற்குள் நான் பொருத்தமான திரை கிடைக்கிறதா என்று ரிச்சி தெருவில் விசாரித்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சந்துரு